தூத்துக்குடியிலிருந்து சேலம் எத்தனை நிமிஷம்?

ஏர் ஆம்புலன்ஸ் ஆபீஸில் போன் எடுக்கிறவளிடம் யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்பதில்லை; எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

கேஸ் ஏஜென்சியில் உட்கார்ந்து 'சிலிண்டர் எப்ப வரும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர்கள், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் 'டாக்டர் எப்ப வருவார்?' என்று கேட்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள், கல்யாண மண்டபத்தில் 'பந்தி எப்ப?' என்ற கேள்வியைச் சமாளிப்பவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். இதை நான் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என்னுடையது ஒரு படி மேல், அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் சேலையூரில், கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கும். இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், மானிட்டர் எல்லாம் பொருத்தியிருக்கிறார்கள். பெரிய ஊர்களுக்குப் பெரிய விமானங்கள் போகின்றன. எங்களுக்கு வருவதெல்லாம் ஒரு சின்ன ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு சின்ன ஏர்போர்ட்டுக்குப் போகிற அவசரங்கள். மேனேஜர் பிரகாசம் சார் ஏர்போர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பைலட் கேப்டன் ரவீந்திரன். நோயாளியோடு பறக்கிற ஆண் நர்ஸ் டேவிட். போன் எடுப்பது நான், ஸ்டெல்லா.

ஐம்பது நிமிஷம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அப்பாவுக்கு மாரடைப்பு. பெரியவரின் மூத்த மகள் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அங்கேதான் கொண்டுபோக வேண்டும். "எவ்வளவு நேரம் ஆவும் மேடம்?" என்றார். இரண்டு ஊர்ப் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டினேன். நேர்க்கோட்டில் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்று வந்தது. எங்கள் விமானத்தின் வேகத்துக்கு ஐம்பது நிமிஷம். "ஐம்பது நிமிஷம் சார்" என்றேன். நானே பறந்து காட்டியது போலப் பெருமை.

அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. உடனே அப்பாவை ஐ.சி.யூ.விலிருந்து எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றி, வாகைக்குளம் ஏர்போர்ட் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். எங்கள் விமானமோ மீனம்பாக்கத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தது. அது கிளம்பி, தூத்துக்குடி போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெயிலில் வண்டி நிற்கிறது. ஆம்புலன்ஸில் இருக்கிற ஆக்சிஜன் எத்தனை நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரகாசம் சார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சார், பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க திருப்புங்க, இப்பவே" என்றார். மகன் கத்துவது மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. வழியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் புது சிலிண்டர் மாற்றி, அங்கேயே படுக்க வைத்து, சாயங்காலம் விமானம் ஏற்றினார்கள். பெரியவர் பிழைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து மகன் தானாகவே கூப்பிட்டு விவரம் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். கோபமே இல்லாமல் அவர் சொன்னது இது:

"ஐம்பது நிமிசம்னு சொன்னீயளே மேடம், எங்கப்பா அத நம்பில்லா மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்தாவ."

பிரகாசம் சாரின் கணக்கு

தூத்துக்குடி விவகாரம் நடந்த அன்று சாயங்காலமே நான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். பிரகாசம் சார் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, போன் வந்த நேரத்தை மேலே எழுதினார். டாக்டரிடம் பேச, அனுமதி வாங்க, எண்ணெய் போட, போய்ச் சேர, நோயாளியை ஏற்ற, பறக்க, இறக்க, அந்த ஊர் டிராபிக்கில் ஆஸ்பத்திரி போக என்று ஒவ்வொன்றாகக் கீழே எழுதிக்கொண்டே வந்தார். மொத்தம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. பறக்கிற ஐம்பது நிமிஷம் அதில் ஒரே ஒரு வரி.

"இதைச் சொன்னா யாரு சார் நம்மகிட்ட வருவாங்க? நெட்டுல அரை மணி நேரம்னு போட்டிருக்குன்னு சண்டை போடறாங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"கேப்டன் சக்கரம் உருள்றதுலேர்ந்து கணக்குப் போடுவாரும்மா. அவங்க, நீ போன் எடுத்ததுலேர்ந்து கணக்குப் போடுவாங்க. நீ அவங்க கணக்க எழுதக் கத்துக்கோ, அப்புறம் ராஜினாமா எழுதலாம்."

ரயில்வே கேட்

உள் மாவட்டம் ஒன்றில் பழைய ஓடுதளம். பெயர் வேண்டாம். அங்கே விளக்குக் கிடையாது. சூரியன் மறைந்த பிறகு விமானம் கிளம்பக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்த ஒரு டீச்சரை அங்கிருந்து ஏற்ற வேண்டும். வயது நாற்பதுகூட இல்லை. டேவிட் ஆஸ்பத்திரிக்கே போய் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். கேப்டன் ஓடுதளத்தில் காத்திருக்கிறார். அன்றைக்கு அஸ்தமனம் ஆறு இருபத்து நாலு. ஐந்து ஐம்பதுக்கெல்லாம் வந்துவிடுவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு டேவிட் கூப்பிட்டான். "அக்கா, கேட்டு போட்டுட்டான்." கூட்ஸ் வண்டியாம். வந்தால் போய்விடும் என்று நினைத்தோம். வந்தது, ஆனால் போகவில்லை. சிக்னல் கிடைக்காமல் கேட்டை அடைத்தபடி நின்றுவிட்டது. வேறு வழியில் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்று. நான் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றில் டேவிட், மானிட்டர் அடிக்கிற சத்தத்தோடு. இன்னொன்றில் கேப்டன். "ஸ்டெல்லா, எனக்கு மரத்தோட நிழல் ஓடுதளத்தைத் தாண்டிடுச்சு" என்றார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விமானம் அங்கேயே தங்கினால் டீச்சர் மறுநாள் விடிகிற வரை காத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்று டாக்டர் மத்தியானமே சொல்லியிருந்தார்.

சுற்றுவழியில் திருப்பச் சொல்லலாமா? திருப்பினதும் கேட் திறந்துவிட்டால்? பிரகாசம் சார் என்னைப் பார்த்தார். முடிவு நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பேரும் என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "நில்லு டேவிட், திரும்பாதே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு கூட்ஸ் நகர்ந்தது. ஆறு பதினான்குக்கு ஓடுதளம். ஆறு இருபத்தொன்றுக்கு விமானம் தரையை விட்டது. நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். டீச்சருக்கு ஆபரேஷன் முடிந்து, அவர் கையை அசைத்தார் என்று மறுநாள் தகவல் வந்தது. ஆபீஸுக்கு வந்த டேவிட் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"ஒரு கூட்ஸ் வண்டில எத்தனை பெட்டி இருக்கும்னு தெரியுமாக்கா உங்களுக்கு? ஐம்பத்தெட்டு. அந்தம்மா பல்ஸையும் அதையும் மாத்தி மாத்தி எண்ணிக்கிட்டு இருந்தேன்."

வேண்டாம் என்று சொன்னது

விழுப்புரத்தில் இருக்கிற அப்பாவைத் தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். இடுப்பெலும்பு முறிவு, சர்க்கரை வேறு. நான் தாளை எடுத்து எழுதினேன். விழுப்புரத்தில் விமானம் இறங்காது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஏற்றி, மீனம்பாக்கத்தில் இறக்கி, மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்றி... மொத்தம் ஐந்து மணி நேரம். நேராக ரோட்டில் வந்தால் மூன்று மணி நேரம். உடைந்த எலும்போடு பெரியவரை நாலு தடவை தூக்கி மாற்றவும் வேண்டாம்.

"ரோட்டுலயே கூட்டிட்டு வந்துடுங்க மேடம்" என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவருடைய அப்பாவை மட்டமாகப் பேசிவிட்டது போல. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எதையாவது பெரிதாகச் செய்தால்தான் மனசு ஆறும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அரை மணி நேரம் வாதாடிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடி அதே நம்பர். அப்பா ரோட்டிலேயே வந்து சேர்ந்து, நல்லபடியாக அட்மிட் ஆகிவிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அத்தை, சித்தப்பா எல்லாரும் ஏன் பிளேன்ல கொண்டு வரலன்னு என்னையக் கொல்றாங்க மேடம், ஃபேமிலி குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் போட்டு நீங்களே கொஞ்சம் சொல்லிடுறீங்களா?"

பம்மலிலிருந்து பல்லாவரம்

மீனம்பாக்கத்தில் இறங்குகிற நோயாளிகளை எடுத்துப்போக அனகாபுத்தூர் பாபுவின் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவோம். ஒருநாள் சேலத்திலிருந்து நுரையீரல் பழுதான ஒருவரை ஏற்றிக்கொண்டு விமானம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. கீழே பாபு இல்லை. முதல் நாள் மழையில் அனகாபுத்தூரில் அவன் தெருவில் முழங்கால் தண்ணீர். அதைத் தாண்டி வந்தால் பம்மலில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பல்லாவரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லா வண்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கிறது. விமானத்துக்குள் இருக்கிற ஆக்சிஜனில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று டேவிட் எனக்கு ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பது. முப்பத்தைந்து. முப்பது.

பாபு போனை எடுத்தால் சைரன் சத்தம்தான் கேட்டது. நடுவே அவன் யாரையோ திட்டுகிற சத்தம். கடைசியில் அவனே வண்டியை விட்டு இறங்கி, முன்னால் நடந்துபோய், ஒவ்வொரு ஆட்டோவாகக் கையால் தட்டி ஒதுக்கச் சொல்லி, கூட இருந்த உதவியாளர் வண்டியை ஓட்டிக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார். டேவிட் "பதினஞ்சு" என்று சொன்னபோது வண்டி உள்ளே நுழைந்தது. நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பாபு மாடிக்கு வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேப்பரை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னா மேடம் எழுதச் சொல்ற? அடுத்த வாட்டி அந்த ஏரோப்ளேன ஜி.எஸ்.டி. ரோட்டுலயே எறக்கச் சொல்லு, நான் ஓரமா நின்னுகினு இருக்கேன்."

எண்ணெய் போட்ட பிறகு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணி. ஒருவர் தன் தம்பிக்காகப் பதிவு செய்திருந்தார். காகிதமெல்லாம் முடிந்து, எண்ணெய் போட்டு, கேப்டன் கதவை மூடி, சக்கரம் உருளத் தொடங்கிவிட்டது. 'கிளம்பிட்டாங்க சார், ஒரு மணி நேரத்தில் அங்கே இருப்பாங்க' என்று சொல்ல நான் நம்பரைத் தட்டப்போனேன். அதற்குள் அவரே கூப்பிட்டார். குரல் மிகவும் நிதானமாக இருந்தது. தம்பி போய்விட்டான் என்றார். பத்து நிமிஷம் ஆயிற்றாம். பிறகு அவரே சொன்னார்:

"பைலட் சார திரும்பிடச் சொல்லுங்கம்மா. பாவம், அவசரத்துல சாப்பிடாமக்கூடக் கிளம்பியிருப்பாரு."

வைத்துவிடாதீர்கள்

ஐப்பசி மாதம். கடப்பாவில் வேலை பார்க்கிற ஒரு பேங்க் அதிகாரி, முப்பத்தாறு வயதுப் பெண். கணையத்தில் வீக்கம், நிலைமை மோசம். கணவரும் வீடும் பாண்டிச்சேரியில். பெண்ணின் அண்ணன் விமானத்தில் கூட வருகிறார். கணவர் செந்தில், பாண்டிச்சேரி ஏர்போர்ட் வாசலில் ஆம்புலன்ஸோடு நிற்கிறார். நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். மத்தியானம் இரண்டு பத்துக்கு கடப்பாவில் கிளம்பினார்கள். மூன்று மணிக்கு இறங்கிவிடுவார்கள் என்று செந்திலிடம் சொன்னேன். கூடவே, "பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆகலாம் சார்" என்றும் சொன்னேன். அதற்குள் நான் அவ்வளவு தேறியிருந்தேன்.

மூன்று மணிக்கு கேப்டனிடமிருந்து போன் இல்லை. மூன்று பத்துக்கும் இல்லை. சேலையூரில் ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், யாரோ மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள். செந்தில் கூப்பிட்டார். "இங்க மழை கொட்டுது மேடம். எதிர்ல இருக்கற கட்டடமே தெரியல. பிளேன் எங்க இருக்கு?"

எனக்குத் தெரியாது. பிரகாசம் சார் இன்னொரு போனில் ஏர்போர்ட் டவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். லைன் கிடைப்பதும் போவதுமாக இருந்தது. காலையில் அவர் எழுதிய தாள் என் முன்னால் இருந்தது. எண்ணெய் இரண்டரை மணி நேரத்துக்கு. அப்படியென்றால் நாலு நாற்பது வரை கவலை இல்லை. ஆனால் அது எண்ணெயைப் பற்றி மட்டும்தான். இறங்க முடியாமல் மேலேயே சுற்றுகிறார்களா, வேறு ஊருக்குப் போகிறார்களா, மேகத்துக்குள் அந்தப் பெண்ணின் மூச்சு எப்படி இருக்கிறது? 'இதோ வந்துகிட்டே இருக்காங்க சார்' என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. முதல் வாரத்து ஸ்டெல்லா சொல்லியிருப்பாள். நான், "எனக்கு இப்ப தெரியல சார். தெரிஞ்ச உடனே சொல்றேன். எண்ணெய் நிறைய இருக்கு, அது மட்டும் நிச்சயம்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "நீங்க பேச வேணாம் மேடம். போனை மட்டும் வச்சிடாதீங்க" என்றார். நான் வைக்கவில்லை. அவர் அங்கே மழையில், நான் இங்கே வெயிலில். ஒரு தடவை இருமினார். ஒரு தடவை யாரோ அவரிடம் குடை வேண்டுமா என்று கேட்டார்கள். என் காது சூடாகி வலித்தது. கை மாற்றினால்கூட லைன் போய்விடுமோ என்று பயந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது, மூன்று இருபத்தெட்டு, மூன்று முப்பத்தைந்து.

மூன்று முப்பத்தெட்டுக்குப் பிரகாசம் சாரின் செல்போன் அடித்தது. அவர் "சொல்லு ரவி" என்று கேட்டுக்கொண்டே தாளில் பெரிதாக எழுதி என் பக்கம் திருப்பினார்: 'மீனம்பாக்கம் இறங்கியாச்சு. பேஷன்ட் ஓகே. நினைவு இருக்கு, அண்ணன்கிட்ட பேசினாங்க.' பாண்டிச்சேரிக்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, மழை விடாது என்று தெரிந்ததும் கேப்டன் சென்னைக்குத் திருப்பிவிட்டார். நான் செந்திலிடம் சொன்னேன்: "சார், சென்னையில பத்திரமா இறங்கிட்டாங்க. நினைவு இருக்கு, அண்ணன்கிட்ட பேசினாங்களாம். இங்கேயே ஆஸ்பத்திரி ஏற்பாடு பண்றோம்." மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது, மழையா அழுகையா என்று பிரிக்க முடியாமல். பிறகு மூக்கை உறிஞ்சினார். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"நான் பாண்டியிலேர்ந்து அங்க வர எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

•

எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் நிமிஷக் கணக்குச் சொல்கிற நான், சேலையூரிலிருந்து செம்பாக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்குக் கிளம்பும்போது எத்தனை மணிக்கு வருவாய் என்று வீட்டிலிருந்து போன் செய்து கேட்டால், "வந்த பிறகு சொல்றேன்" என்றுதான் சொல்கிறேன்.